மலமா மயங்கி விழவில்லை, அக்கா

அபியா,
வியாழன் மாலை.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா தெலேசியா அவர்களுக்கு,

தம்பி தானியேலு வணங்கி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் கடலுக்கு அந்தப் பக்கம் நீங்களும், அத்தானும், பன்றிகளும், சேம்புத் தோட்டமும், ஆலயத்தின் புதுக் கூரையும் செழிப்பாக இருக்க வேண்டுகிறேன். இந்தப் பக்கம் உங்கள் மகள் மலமாவும் நானும் நலம். வழக்கமாக இந்த வரியை யோசிக்காமல் எழுதிவிடுவேன். இன்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் போனில் பேசினீர்கள். "எல்லாம் கேள்விப்பட்டேன். இனிமே அபியா பட்டணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். சனிக்கிழமைப் படகுல வர்றேன். துணிமணியை எடுத்து வை, ஊருக்குக் கூட்டிட்டு வந்துடறேன். சரியா?" என்றீர்கள். நான் "சரி அக்கா" என்றேன். நீங்கள் "சரியா" என்று கேட்டு நான் "சரியில்லை" என்று சொன்னதாக நம் குடும்ப வரலாற்றில் இல்லை. அக்கா சொல்லுக்குத் தம்பி மறுசொல் சொல்லாதது நம் தீவுகளின் வழக்கம். மற்றத் தம்பிகள் அதை மரியாதைக்காகச் செய்கிறார்கள், நான் மரியாதைக்காகவும் கொஞ்சம் நடுக்கத்துக்காகவும் செய்கிறேன். போனை வைத்த பிறகுதான் எனக்குச் சொல்லவேண்டிய பதில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேசமுடியாது. இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவேண்டாம். எடுத்துக்கொண்டால், சரி.

வானிலை நிலையத்தில் இருந்த காலமெல்லாம் "மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம்" என்று எழுதியே ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தில் மலமா மயங்கி விழவில்லை. விழுந்தாள், அது உண்மை. மயங்கவில்லை. படிப்பை நிறுத்தி அவளை ஊருக்குக் கூட்டிப் போகவேண்டிய அவசியமே இல்லை. எப்படி என்பதை முதலிலிருந்து முறையாகச் சொன்னால்தான் விளங்கும். பாதியிலிருந்து சொன்னால் எனக்கே விளங்குவதில்லை.

பிப்ரவரியில் அவளை என் வீட்டில் விட்டபோது "இவ உடம்பு உன் பொறுப்பு" என்று சொல்லி, கூடவே ஒரு வாளி உப்பு மாட்டிறைச்சியையும் விட்டுப் போனீர்கள். நர்ஸ் படிப்பு என்றால் நாளெல்லாம் நின்றுகொண்டே படிப்பது என்று நான் நினைத்திருந்தேன். அது உட்கார்ந்தே படிக்கும் படிப்பாம். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பிடமாட்டாள். மதியம் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்து, வேகவைக்காமலேயே உள்ளங்கையால் நொறுக்கி, மசாலாப் பொடியைத் தூவி, வகுப்புக்கு வெளியே நின்றபடி தின்பாளாம். கேட்டால் "எல்லாரும் அப்படித்தான் மாமா, தண்ணி கொதிக்கிறதுக்குள்ள மணி அடிச்சுடும்" என்பாள். தாகத்துக்குச் சிவப்பு நிறத்தில் ஏதோ பாட்டில் பானம், அதைக் குடித்த நாக்கைப் பார்த்து முதல் நாள் நான் டாக்டரைக் கூப்பிடப் போனேன். இரவில் நோட்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். ஒருநாள் எழுந்து வந்தபோது, அவளே மையால் வரைந்த சிறுநீரகம் கன்னத்தில் பதிந்திருந்தது. அந்தக் கன்னத்தோடுதான் வகுப்புக்குப் போனாள், ஆசிரியை பார்த்து "படம் சரி, குழாயைக் காணோம்" என்றாராம். இதையெல்லாம் நான் கண்டிக்கவில்லையா என்று கேட்பீர்கள். கண்டித்தேன், என் வழியில். ஒரு தட்டில் பப்பாளியை நறுக்கி ஒன்றும் சொல்லாமல் அவள் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். காலையில் பார்த்தால் எறும்புகள் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் பல்கலைக்கழக மருத்துவ அறையில் முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாரையும் சோதித்தார்கள். அங்கே இருக்கும் நர்ஸ் லூபேயை உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பிடிக்கும், நீங்கள் இருவரும் ஒரே குரல். அவர் மலமாவின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, முள்ளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் பிரஷரைப் பாத்தா நீ எனக்கு அக்கா மாதிரி இருக்கியே. நாளைக்கு வார்டுல நின்னு உப்பைக் குறைங்க, நடங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லப் போறவ நீ. முதல்ல நீ நட, நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. இந்த நூடுல்ஸை நான் பாத்தேன்னா பாக்கெட்டோட வாய்ல அடைப்பேன்" என்றார். பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "நீங்க யாரு, மாமாவா? நீங்களும் கூடப் போங்க. தனியாப் போனா நாய் விடாது" என்றார். நான் "சரி" என்றேன். உங்களைப் போன்ற குரலுக்கு எனக்கு வேறு பதில் தெரியாது.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். நாய்க்காக ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டேன். எறிவதற்கில்லை, குனிந்து எடுப்பது போலக் காட்டுவதற்கு. நடை நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அக்கா, எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் சுவரில்லாத வீடுகள். வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சாட்சி சொல்கிறவன் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்பதால் சொல்கிறேன். சாப்பிட உட்கார்ந்தவர் தெருவில் போகிறவரைக் கூப்பிடாமல் ஒரு வாய் வைக்கக்கூடாது. கூப்பிடப்பட்டவர் "நன்றி, ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடரவேண்டும். கூப்பிட்டவருக்கும் கௌரவம், போனவருக்கும் கௌரவம், சோற்றுக்கும் சேதமில்லை. இந்த ஏற்பாட்டில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு என் குரலில்.

முதல் வீடு சியேனியுடையது. "தானியேலு அண்ணே! வாங்க, சாப்பிடலாம்!" என்று கூப்பிட்டாள். நான் "நன்றி, ஆச்சு" என்றேன். அது என் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் போயிற்று. "என்னண்ணே, பேசாமப் போறீங்க? கோவமா? வாங்கங்கறேன்!" என்றாள். ஒரு தடவை கூப்பிட்டால் மரியாதை. இரண்டாம் தடவை கூப்பிட்டால் அது மெய்யாகவே விருந்து. அவள் புருஷன் எழுந்து பாயை உதறி விரித்துவிட்டான். விரித்த பாயை விட்டுப் போன மனிதன் எந்தத் தீவிலாவது உண்டா? மலமா என் முழங்கையைக் கிள்ளினாள். "மாமா, நாம நடக்க வந்தோம்." "ஒரு வாய்தானேம்மா." அந்த ஒரு வாய், தேங்காய்ப்பாலில் தோய்த்த கறிப்பலாத் துண்டுகளும், எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளும், கடைசியில் கிண்ணம் நிறையக் கொக்கோ கஞ்சியுமாக முடிந்தது.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் எதிர்வீட்டுக் கோயில் மூப்பர் வாசலிலேயே நின்றிருந்தார். "சியேனி வீட்ல உட்காந்தீங்களாமே. எங்க வீட்டுப் பாய்ல மட்டும் முள்ளா முளைச்சிருக்கு?" அதற்கு அடுத்த நாள் பாதிரியார் மனைவி. பாதிரியார் வீட்டில் வேண்டாம் என்று சொல்வது, ஆண்டவரிடமே வேண்டாம் என்று சொல்வதற்குப் பக்கத்து வீடு. ஒருவரை வைத்து இன்னொருவரைத் தள்ளினேன் என்ற பேச்சு வரக்கூடாதே என்று நான் சந்தின் எல்லா வீடுகளிலும் முறைவைத்து உட்கார ஆரம்பித்தேன். சந்தும் எங்களுக்காக முந்தின நாளே மாவு பிசைய ஆரம்பித்தது. நடைக்குப் போய்த் திரும்பும்போது வயிறு முதலில் வீட்டுக்குள் நுழையும், பின்னால் நாங்கள் நுழைவோம். முடியாததை இலையில் மடித்து ரகசியமாக நாய்களுக்குப் போட்டேன். கல் இருந்த கையில் கறிப்பலா வந்துவிட்டதால் நாய்களுக்கு என்மேல் இருந்த பகை தீர்ந்து பக்தி உண்டாயிற்று. பிறகு நான் எங்கே போனாலும், கோயிலுக்குப் போனாலும்கூட, பின்னால் ஓர் ஊர்வலம். போன ஞாயிறு பிரசங்கத்தின்போது மூன்றாம் வரிசையில் ஒரு நாய் என் காலடியில் படுத்துக் கடைசிவரை கேட்டது. பாதிரியார் நாயைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

மாத முடிவில் லூபே மறுபடி எடை பார்த்தார். "நடக்கச் சொன்னேனே, எங்க நடந்தீங்க? அடுப்பங்கரைக்கா?"

"எங்க சந்தே அடுப்பங்கரைதான் சிஸ்டர்," என்றாள் மலமா. "மாமாவுக்கு வேணாம்னு சொல்ல வராது."

"சொல்ல வராதா? நாக்குல சுளுக்கா?"

"இல்ல சிஸ்டர். எங்கம்மாவோட தம்பி."

இது அவள் சொன்னபடியே எழுதியது, நான் சேர்த்ததல்ல.

பிறகு மாலையிலாவது சந்தை விட்டுவிட்டுக் கடற்கரைச் சுவரோரம் போகலாம் என்று மலமா முடிவு செய்தாள். அங்கே யாரும் கூப்பிட்டுச் சோறு போடமாட்டார்கள். மாலையில் பெரிய ஒலிபெருக்கியை வைத்து நூறு பேர் சேர்ந்து குதிக்கிற உடற்பயிற்சி ஆட்டம் நடக்கிறது, அவள் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான். நான் ஓரமாகப் தென்னைமரத்தடியில் நின்று அவள் பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேடைமேல் ஆடிய பெண் ஒலிபெருக்கியிலேயே, "அந்த மரத்தடிப் பெரியவரே! பையையும் தூக்கிட்டு வந்து ஆடுங்க, கனமும் ஒரு பயிற்சிதான்!" என்றாள். நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போனேன். அக்கா, நான் ஆடுவதில் முறை தவறவில்லை. அவள் காட்டிய ஒவ்வோர் அசைவையும் நன்றாகக் கவனித்து, சரிதானா என்று யோசித்து, பிறகுதான் செய்தேன். அதில் ஓர் அடி தாமதம் ஆகிவிடுகிறது. எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மேடை தெரியாததால் என்னைப் பார்த்து ஆடினார்கள். அவர்களைப் பார்த்து அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் பாதிக் கடற்கரை வலப்பக்கமும் பாதிக் கடற்கரை இடப்பக்கமும் குதித்தது. அப்போது என் வேட்டி முடிச்சும் ஒரு முடிவு எடுத்தது. அதைப் பற்றி எழுதவேண்டாம் என்று நினைக்கிறேன். உள்ளே கால்சட்டை போட்டிருந்தேன் என்பதை மட்டும் அத்தானிடம் சொல்லுங்கள், அவர் காதுக்கு வேறு மாதிரி வந்திருக்கலாம்.

இதற்கு நடுவிலும் மலமா நடப்பதை நிறுத்தவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவேண்டும். காலையில் சந்து, மாலையில் கடற்கரை. நூடுல்ஸை மட்டும் விடவில்லை, தூக்கமும் ஒழுங்காகவில்லை.

இனி, ஒன்றரை மாதத்துக்கு முந்தின அந்த நாள். பல்கலைக்கழகத்தில் உடல்நல நாள் என்று வைத்து வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் கூடாரம். ஒரு மேசையில் தர்பூசணி, பப்பாளி, வாழை, வெள்ளரி எல்லாம் கோபுரமாக அடுக்கி "இவற்றைச் சாப்பிடுங்கள்" என்று எழுதியிருந்தது. அடுத்த மேசையில் மாணவிகள் வந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கவேண்டும். மலமாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. முதலாண்டுப் பெண் ஊசியால் விரலைக் குத்துவாள் என்றதும் எல்லாரும் பழ மேசைப் பக்கமே நின்றார்கள். அவள் வெள்ளைச் சட்டையோடு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற அந்த நிலையை என்னால் பார்க்க முடியவில்லை. போய் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் நானாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

முதலில் பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. மறுபடி பார்த்தாள். "சிஸ்டர், இந்தக் கருவி கெட்டுப்போச்சு போல" என்றாள். லூபே வேறொன்று கொண்டுவந்து தானே பார்த்தார். அதுவும் கெட்டுப்போயிருந்தது. மூன்றாவதும் கெட்டுப்போனபோது லூபே என்னை ஒருமாதிரி பார்த்து, "பெரியவரே, உங்களுக்கு மாத்திரை ஏதாவது குடுத்திருக்காங்களா?" என்றார். குடுத்திருக்கிறார்கள் என்றேன். "தினமும் போடறீங்களா?" ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன். "ஏன்?" சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாதே என்றுதான் என்றேன். "தீர்ந்தா மறுபடி குடுப்பாங்கய்யா! அது என்ன வெள்ளியிலயா பண்ணியிருக்கு?" என்று அவர் போட்ட சத்தத்தில் பழ மேசையில் இருந்த எல்லாரும் திரும்பிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து மலமா, பேச்சோடு பேச்சாகக் குத்திவிடலாம், வலி தெரியாது என்று விரலில் குத்திவிட்டாள். வலி தெரியவில்லைதான். ஒரு துளி சிவப்பு தெரிந்தது. புயலின் படத்தை வரைவேன், புயலுக்குள் போகமாட்டேன், நான் அந்த ஜாதி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதையாவது பிடிக்கலாம் என்று பிடித்தேன். பிடித்தது மலமாவின் சட்டைக் கை. இரண்டு பேருமாகப் பழ மேசைமேல் சரிந்தோம். தர்பூசணி ஒன்று உருண்டு வாசல் வரை போயிற்று. அதைப் பிடிக்க ஓடி வந்த யாரோ பார்த்தபோது, மலமா தரையில் கிடக்கிறாள், மேலெல்லாம் சிவப்பாகச் சாறு, லூபே விசிறிக்கொண்டிருக்கிறார். என்னை மேசைத் துணி மூடியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த யாரோ இப்போதுதான் படகேறி உங்கள் பக்கம் வந்திருக்கவேண்டும். இதுதான் நடந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். லூபே மலமாவைத் தனியே கூப்பிட்டார். (கூடாரத்துணிக்கு இந்தப் பக்கம்தான் நான் படுத்திருந்தேன்.) "நான் சொன்னா நீ கேக்க மாட்டே. நீ சொன்னா நீயே கேப்பியான்னு பாப்போம். இந்த மாமாவை உன் கையில ஒப்படைக்கிறேன். மாத்திரை, சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் உன் பொறுப்பு. உனக்கு இதான் முதல் நோயாளி. சாகடிச்சுடாதே" என்றார்.

அன்றிலிருந்து வீடே மாறிவிட்டது அக்கா. காலையில் மாத்திரையைக் கொடுத்து, நான் விழுங்கினேனா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். எனக்கு வேகவைத்த கீரையும் மீனும் என்றால், "நான் மட்டும் நூடுல்ஸ் தின்னா நீங்க கேப்பீங்களா" என்று அவளும் அதையே தின்கிறாள். என்னைச் சீக்கிரம் படுக்கவைக்கவேண்டுமென்று விளக்கை அணைக்கிறாள். அணைத்த இருட்டில் அவளால் மட்டும் எப்படிப் படிக்கமுடியும்? அவளும் தூங்கிவிடுகிறாள். விடிந்து எழுந்து தெளிவாகப் படிக்கிறாள். கன்னத்தில் படம் இல்லை. சந்தில் நடக்கும்போது எனக்காக அவளே பதில் சொல்கிறாள், அதுவும் உங்கள் குரலில்: "நன்றி, ஆச்சு! மாமாவுக்கு உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது!" முதல் நாள் சந்து திகைத்துப்போயிற்று. இரண்டாம் நாள் சியேனி யோசித்து, "அப்ப வாங்கண்ணே, தண்ணியாவது குடிங்க!" என்றாள். தண்ணீரை மறுக்க மலமாவுக்கும் காரணம் கிடைக்கவில்லை. இப்போது எல்லா வீட்டிலும் தண்ணீர். சந்தின் கடைசிக்கு வரும்போது எனக்கு வேறொரு அவசரம் வந்துவிடுகிறது. யாரிடமும் கேட்கக் கூச்சம். ஆகையால் திரும்பும்போது என் நடை மிகவும் வேகம். லூபே அதைத்தான் எதிர்பார்த்ததாகச் சொல்கிறார். போன வாரம் சோதித்ததில் மலமாவின் அழுத்தம் அவள் வயதுக்கு உரியது. என்னுடையதும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கருவிகள் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டன.

இவ்வளவையும் செவ்வாய்க்கிழமை போனில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் "சரி அக்கா" என்று வைத்துவிட்டு, சொன்னபடி அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினேன். புதன்கிழமை காலை "மாமா, என் துணியெல்லாம் எங்க?" என்றாள். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். "எல்லாத்தையுமா?" எல்லாவற்றையும் என்றேன். என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனாள், வெயில் கொளுத்துகிறது. சாயந்தரம் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் கொடியில் போட்டேன். ராத்திரி உங்கள் குரல் ஞாபகம் வந்து மறுபடி அடுக்கினேன். இன்று காலை மறுபடி பிரித்தேன். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வு வருகிற மாதம். எலும்புகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே என் முதுகில் ஒவ்வொன்றாகத் தட்டிப் படிக்கிறாள். எல்லாம் இருக்கிறதாம்.

ஆகவே அக்கா, வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: அவளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். இது மறுசொல் அல்ல, வேண்டுகோள். அவளுக்காகத்தான் கேட்கிறேன். முழுக்க அவளுக்காக என்று எழுதினால் அது முழு உண்மையாக இருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. என் வீட்டில் பல வருஷமாக ஒரு தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டைக் கழுவுகிறேன், அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. இன்னொரு சின்ன விஷயம், கோபப்படவேண்டாம்: உப்பு மாட்டிறைச்சி வாளிகளை நிறுத்திவைக்க முடியுமா? கட்டிலுக்கு அடியில் இடமில்லை, மூடி திறக்காமலே நாய்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை நாளைப் படகில் போகிற சியேனியின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கையில் சேரவேண்டும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், பன்றிகளுக்கு நான் விசாரித்ததாகச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் காலடிக்கு விளக்காகவும், கடலுக்கு அமைதியாகவும், என் பிழைகளுக்குப் பொறுமையாகவும் இருப்பாராக.

என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய,
தம்பி தானியேலு.

பி.கு. (சனிக்கிழமை). இந்தக் கடிதம் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை இதை மடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன், சந்து முனையில் உங்கள் குரல் கேட்டது. நீங்கள் ஒருநாள் முன்னாலேயே படகேறிவிட்டீர்கள். கையில் வாளி இருந்தது. கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு "வாங்க அக்கா" என்றேன். அதன்பிறகு கொடுக்கத் தைரியம் வரவில்லை. இன்று காலை எங்களோடு நடைக்கு வந்தீர்கள். "தெலேசியாக்கா, வாங்க சாப்பிடலாம்!" என்று சியேனி கூப்பிட்டதும் நீங்கள் போய்ச் சட்டி மூடியைத் திறந்து ருசி பார்த்து, "இவ்வளவு உப்பா? உன் புருஷன் என்ன கருவாடா?" என்றீர்கள். அதன்பிறகு சந்தில் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை; எங்களைப் பார்த்ததும் ஓலைத் தட்டிகளை இறக்கிவிட்டார்கள். நாய்கள்கூட ஒதுங்கி நடந்தன. இப்போது மத்தியானம், நீங்கள் தூங்குகிறீர்கள், நான் மறுபடி அடுக்கிய மலமாவின் பெட்டி கட்டில் மேல் இருக்கிறது, படகு எந்த நாளில் என்று நான் கேட்கவில்லை. மேசையில் மேல்விரிப்புக்கு அடியில் இதை வைக்கிறேன். நீங்கள் ஊருக்குப் போன பிறகு தபாலில் சேர்க்கிறேன்.

பி.கு. இன்னொன்று (இது உன் அக்கா எழுதுவது). மேல்விரிப்பைத் துவைக்க எடுத்தேன், கடிதம் இருந்தது, படித்தேன். மலமா மயங்கி விழவில்லைன்னு கேள்விப்பட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். படகுத்துறையில் ஆளாளுக்கு உளறியதும் அந்த நர்ஸம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டேன். மலமாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறாள்; உன் மாத்திரைக் கதையையும் நர்ஸம்மாதான் சொன்னார். நான் கூட்டிப் போக வந்தது உன்னை. மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் தின்கிற மனுஷனைத் தனியாக விட்டு நான் அங்கே தூங்குவதா? துணியை எடுத்து வை என்றேன், உடனே சரி அக்கா என்றாய், உனக்கு ஒரு அறைகூடப் பெருக்கி வைத்துவிட்டேன். யாரை என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அவள் துணியை அடுக்கியிருக்கிறாய், பைத்தியக்காரா. காலையில் அவள் உன் வாயைத் திறந்து பார்த்ததையும் பார்த்தேன், நீ இரண்டு தட்டு கழுவியதையும் பார்த்தேன். அவளுக்கு நோயாளி வேண்டும், உனக்கு நர்ஸ் வேண்டும், நடுவில் நான் எதற்கு. வாளியில் இந்தத் தடவை கீரைதான், திறந்து பார்க்காமலே பயப்படாதே. திங்கட்கிழமைப் படகில் நான் மட்டும் போகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அதற்குள் ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து, சந்துக்கே கேட்கிற மாதிரி "நான் வரமாட்டேன் அக்கா" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உன்னையும் ஏற்றிக்கொண்டுதான் போவேன்.

பி.கு. கடைசி (ஞாயிறு மாலை, மறுபடி தானியேலு). நான் வரமாட்டேன், அக்கா. இங்கே தெளிவாக எழுதிவிட்டேன். கோயிலிலிருந்து வரும் வழியில் கல்லை வைத்துக்கொண்டு நாய்களிடம் சொல்லிப் பார்த்தேன்; அவற்றில் இரண்டு எழுந்து நின்றன. மலமா பின்னால் நின்று "இன்னும் சத்தமா மாமா, வயித்துலேருந்து" என்று சொல்லிக் கொடுக்கிறாள். நாளைக் காலை, படகுக்கு முன்னால், வாய்விட்டுச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். முன்னறிவிப்பு என்ற அளவில் கேட்டால், சொல்வதற்கே வாய்ப்பு அதிகம்.